எண்ணூர் எண்ணெயும் எரிசுடர்க் கருவியும்

சென்னை மாநகரின் தென்கோடியில் நம் சேலையூர் ஏரியும், வடகோடியில் எண்ணூர்க் கழிமுகமும் உள்ளன. தாம்பரத்தில் மின்ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் வண்டி மாறிச் செல்வார்க்கு இவ்விரண்டிற்கும் இடையே அரைநாட் பொழுதும் வேண்டுவதில்லை. எனினும் வடகோடியில் நிகழ்வன தென்கோடியில் உள்ளார் செவிக்குச் செய்தித்தாள் வாயிலாகவே எட்டுகின்றன. 2017-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால், பி.டபிள்யூ. மேப்பிள் என்னும் எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்னும் எண்ணெய்க் கப்பலும் ஒன்றோடொன்று மோதின. அதனாற் கடலிற் கலந்த கரிய உலை எண்ணெய் எர்ணாவூர் முதலிய கரைகளில் ஒதுங்கிக் கூழ்போற் படிந்தது. அதனைத் தொண்டர் பலர் வாளிகளால் முகந்து அகற்றிய காட்சியை நாடு முழுதும் கண்டது. பின்னர் 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியினின்று வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் படகுகளிலும், வலைகளிலும், அலையாத்தி மரங்களிலும், கூழைக்கடாப் பறவைகளின் சிறகுகளிலும் அது படிந்தது.

இவ்விரு காலத்தும் எழுந்த வினாக்கள் மூன்று. கலந்த எண்ணெய் எவ்வளவு? அஃது எவ்விடத்து எண்ணெய்? இன்னும் எவ்வளவு எஞ்சி நிற்கின்றது? இவற்றிற்கு விடை கூறுவது கண்ணன்று, மூக்குமன்று. நீரையும் சேற்றையும் புட்டிகளில் எடுத்துச் சென்று, ஆய்வுக்கூடத்தில் வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் இட்டு, ‘லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்’ என்று ஓர் எண் பெறுகின்றனர். அவ்வெண் அதிகாரிகள் மேசைக்கும், பசுமைத் தீர்ப்பாயத்திற்கும் செல்கின்றது. வலை இழந்தோர் பெறும் ஈட்டுத்தொகையும், கரையைத் துப்புரவு செய்யும் பணி எந்நாள் முடிந்தது என்னும் தீர்மானமும் ஓரளவு அவ்வெண்ணையே பற்றி நிற்பன. எனவே அவ்வெண் எவ்வாறு பிறக்கின்றது என்பதும், அது பிறக்கும்போதே குறைப்பிறப்பாய்ப் பிறத்தல் கூடுமோ என்பதும் ஆராயத்தக்கன.

கூடும் என்பதே விடை. கடலிற் கலந்த எண்ணெயின் மெல்லிய பகுதி வெயிலாலும் காற்றாலும் சின்னாளில் ஆவியாகிப் போய்விடும். கனத்த பகுதியே கரையிலும் வலையிலும் எஞ்சும். கருவியோ, போதிய கவனமின்றி இயக்கப்படுமாயின், அக்கனத்த பகுதியையே முதலிற் கைவிடும் இயல்பினது. ஆகவே குப்பத்தில் எது மிகுதியாய்க் கிடக்கின்றதோ, அதனையே கருவி குறைத்துக் கூறுகின்றது. இக்குறை நேரும்போது ஆய்வாளர் பலரும் முதற்கண் ஐயுறுவது கருவியின் கடைசி உறுப்பாகிய உணர்கருவியை. அவ்வையம் பெரும்பாலும் தவறானது என்பதும், குற்றம் வழியிலேயே பெரிதும் உள்ளது என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவக் கருதியவை.

தமிழ் பயிலும் மாணவர்க்கு எண்ணெயோடு என்ன உறவு என்று எம் வகுப்புத் தோழரே வினவக்கூடும். விடுதியில் எம்மோடு ஓரறையில் உறையும் வேதியியல் நண்பர் இரவுதோறும் இக்கருவியைப் பற்றி அலுத்துக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு, அவர் சொல்வதைத் தமிழிற் சொல்ல இயலுமா என்று பார்க்கும் ஆசை எமக்கு உண்டாயிற்று. சொற்கள் சில தொல்லை கொடுத்தன. ஆய்வுக்கூடத்தார் ‘காலம்’ என்று வழங்கும் நெடுங்குழலை அவ்வாறே எழுதப்புகின், காலம் நீண்டது, காலம் சூடேறியது, காலத்தின் நுனியை வெட்டுக என்றெல்லாம் வந்து படிப்போரை மயக்கும். ஆதலின் அதனைக் குழல் என்றே கூறுவோம். ‘டிடெக்டர்’ என்பதனை உணர்கருவி என்றும், ‘பீக்’ என்பதனை முகடு என்றும் எழுதுகின்றோம். கரியணு இருபது நேர்வரிசையாய் நிற்கும் மெழுகினைக் கரி-20 என்றும், நாற்பது நிற்பதனைக் கரி-40 என்றும் குறிப்போம்.

இனிக் கருவியின் வரலாற்றைச் சிறிது கூறுவாம். இலைப்பச்சையின் நிறங்களைச் சுண்ணாம்புத்தூள் நிரப்பிய குழலில் வழிய விட்டு வெவ்வேறு வளையங்களாகப் பிரித்துக் காட்டியவர் உருசிய நாட்டுத் தாவர நூலார் மிகயீல் ஸ்வெட். 1906-ஆம் ஆண்டு அவர் இதற்கு இட்ட பெயர், கிரேக்க மொழியில் நிறத்தை எழுதுதல் எனப் பொருள்படும். ஸ்வெட் என்னும் அவர் பெயரே உருசிய மொழியில் நிறம் என்று பொருள்படும் சொல்லாதலை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே. திரவத்திற்கு மாறாக வாயுவையே ஓடும் பொருளாகக் கொள்ளலாம் என்று 1941-இல் மார்ட்டின், சிஞ்சு என்னும் இருவர் குறித்தனர். 1952-இல் ஜேம்ஸ் என்பாரும் மார்ட்டினும் அதனைச் செய்து காட்டினர். அவ்வாண்டே முன்னவர் இருவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. சுடரைக் கொண்டு உணரும் கருவி 1957, 1958-ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தனித்தனியே தோன்றியது. அது இன்றளவும் எண்ணெய் ஆய்வின் முதற்கருவியாய் நிற்கின்றது.

கருவியின் போக்கு எளிதே. சூடேற்றிய உட்செலுத்துவாயில் சிரிஞ்சினால் ஒரு மைக்ரோலிட்டர் திரவத்தை இடுகின்றனர். அஃது ஆவியாகி, ஹீலியம் அல்லது ஹைட்ரஜன் வாயுவால் சுமக்கப்பட்டு, முப்பது மீட்டர் அளவு நீண்டு மயிரிழைபோல் நுண்ணிதாய துளையுடைய குழலினுட் செல்கின்றது. அக்குழல் சுருளாகச் சுற்றப்பெற்று ஓர் அடுப்பினுள் உள்ளது. அடுப்பின் வெப்பம் படிப்படியாய் ஏற, மெல்லிய பொருள் முன்னும் கனத்த பொருள் பின்னுமாக வெளிப்படும். கடைவாயில் ஹைட்ரஜன் சுடரொன்று எரிந்துகொண்டிருக்கும். வெறும் ஹைட்ரஜன் சுடரில் மின்னேற்றம் பெற்ற துகள் மிகச் சிலவே. கரியணுவுடைய பொருள் அதில் விழுந்து எரியுங்கால் அயனிகள் தோன்றி நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். இலட்சம் கரியணு எரியின் ஒன்றிரண்டே அயனியாகும் என்பர். அவ்வளவு சிறு கூலிக்கும் கருவி ஒழுங்காய்க் கணக்கு வைக்கின்றது.

இச்சுடர் எண்ணுவது கரியணுவையே என்பதே நம் ஆராய்ச்சிக்கு ஆணிவேர். கரியணுவின் நிறை 12, ஹைட்ரஜன் அணுவின் நிறை 1 எனக் கொண்டு கணக்கிட்டுப் பார்மின். கரி-10 மெழுகில் மொத்த நிறை 142, அதிற் கரி 120, நூற்றுக்கு 84.5 பங்கு. கரி-20-இல் 282-க்கு 240, நூற்றுக்கு 85.1. கரி-40-இல் 562-க்கு 480; நூற்றுக்கு 85.4. ஆகவே சம நிறையுள்ள கரி-20-உம் கரி-40-உம் சுடரை அடையுமாயின், அவை வரையும் முகடுகளின் பரப்பும் ஏறத்தாழச் சமமாதல் வேண்டும். கனத்த பொருளைச் சுடர் வெறுப்பதில்லை. கரி-40-இன் முகடு பாதியாகச் சிறுத்துத் தோன்றின், மற்றைப் பாதி சுடரை வந்தடையவில்லை என்பதே பொருள். நீரிலுள்ள எண்ணெயை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 9377-2 என்னும் அனைத்துலக அளவுமுறை, கரி-10 முதல் கரி-40 வரை உள்ளதனைக் கணக்கிடுவது. கரி-40-இன் விளைவு கரி-20-இன் விளைவில் 0.8 பங்கிற்குக் குறைதலாகாது என்று அது விதித்திருப்பதும் இதுபற்றியே. அவ்விதியைக் கடந்து குறைந்தபோது அன்று பெற்ற எண்களை அறிக்கையில் ஏற்றுதல் தகாது.

தமிழ் மாணவர்க்கு இதனை வேறு விதமாகவும் விளக்கலாம். ஏட்டுச்சுவடியில் ஒரு சொல் பொருளின்றி நிற்கின், அதனைக் கண்ட பதிப்பாசிரியர் தம் கண்ணைக் குறைகூறுவதில்லை, புலவரையும் குறைகூறுவதில்லை. மூலத்திற்கும் தமக்கும் இடையே எத்தனை கை மாறியது, எவ்வேட்டிற் செல்லரித்தது, எங்கு ஒரு வரி விடுபட்டது என்று வழியை ஆராய்வர். சுடர் என்பது இறுதியிற் படிக்கும் கண் போல்வது. புட்டியினின்று சுடர்வரை பொருள் கடந்த இடங்கள் ஐந்தாறு உள. அவற்றுள் எங்கே விடுபட்டது என்பதே வினா.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். கரி-10, கரி-20, கரி-30, கரி-40 ஆகிய நான்கும் சம நிறையாகக் கரைந்த சோதனைத் திரவம் ஒன்றைச் செலுத்தியபோது, கரி-20-இன் பரப்பு 1000 என்றும், கரி-30 850 என்றும், கரி-40 600 என்றும் வந்தன. விகிதம் 0.6, விதிக்குக் குறைவு. இந்நிலையில் திருகுகளைக் கையிலெடுக்குமுன் வரைபடத்தை நன்கு நோக்குதல் வேண்டும். குறிகள் மூன்று வகைப்படும். கரி-10 உட்பட எல்லா முகடுகளும் ஒருசேரக் குன்றியிருப்பின், அது சுடரின் குற்றமாதல் கூடும். மெல்லியன நன்றாயிருக்க, கனம் ஏற ஏற முகடு படிப்படியாகக் குன்றி, ஆயினும் வடிவம் கூர்மையாகவே இருப்பின், குற்றம் உட்செலுத்துவாயில் உள்ளது. கனத்தவை குன்றுவதோடு வாலும் நீண்டு சாய்ந்து நிற்பின், வழியில் எங்கோ ஒரு குளிர்ந்த இடம் அல்லது அழுக்கேறிய இடம் உண்டு. திருக்குறளில் மருந்து அதிகாரம் படித்தார்க்கு இம்முறை புதிதன்று. எனினும் ஆய்வுக்கூடங்களில் இம்மூன்றையும் நோக்காது எடுத்த எடுப்பில் உணர்கருவியைக் கழற்றித் துடைப்பவர் பலர் என்று எம் நண்பர் கூறுகின்றார்.

முதலிற் சோதனைத் திரவத்தையே ஐயுறுக. கருவியின் மேல் வழக்குத் தொடுப்பார் சாட்சியின் யோக்கியதையைப் பார்ப்பதில்லை. கரி-20 மெழுகு ஏறத்தாழ 37 பாகை செல்சியசில் உருகுவது. சித்திரை வெயிலில் நம் அறையின் மேசைமேல் வைத்தாலே இளகிவிடும். கரி-40 உருக 82 பாகை வேண்டும். அத்தகையது குளிர்ந்த ஹெக்சேனில் அரிதாகவே கரையும். குளிர்ப்பெட்டியில் வைத்த புட்டியை எடுத்து உடனே செலுத்தினால், கரி-40 அடியில் வெண்டுகளாகப் படிந்திருக்க, மேலேயுள்ள தெளிவு மட்டுமே சிரிஞ்சில் ஏறும். புட்டியை இளஞ்சூட்டில் வைத்துக் குலுக்கி, முற்றும் தெளிந்தபின் மீண்டும் செலுத்திப் பார்க்க வேண்டும். இவ்வொன்றாலேயே 0.6 என்பது 0.9 ஆகுமாயின் மேற்கொண்டு ஆராயவேண்டுவதில்லை. கனத்த மெழுகுகளுக்குக் கார்பன் டைசல்பைடு சிறந்த கரைப்பான்; சுடரில் அது மிகச் சிறிதே விளைவு தருவதால் முகடுகளை மறைப்பதுமில்லை. ஆயினும் அது நச்சுடையது, எளிதில் தீப்பற்றுவது, காற்றோட்டமுள்ள பெட்டியினுள் வைத்தே கையாளத்தக்கது.

அடுத்தது உட்செலுத்துவாய். எம் கருத்தில் குற்றங்களுள் மிகப் பல ஈண்டே உறைகின்றன. ஆதலின் இதனைச் சற்று விரித்துக் கூறுவோம். கரி-40-இன் கொதிநிலை ஏறத்தாழ 520 பாகை. உட்செலுத்துவாயின் சூடோ 300 பாகை அளவே. நூறு பாகை எட்டாமலே கொடியில் ஈரத்துணி உலர்வது போல, கொதிநிலைக்குக் கீழும் பொருள் ஆவியாகும். வாயு ஓட்டம் அதனைச் சுமந்து செல்லும். ஆனால் மெதுவாகவே செல்லும். இம்மெதுவான செலவே தொல்லைக்கு மூலம்.

சிரிஞ்சின் ஊசித்துளையில் மட்டும் அரை முதல் ஒரு மைக்ரோலிட்டர் வரை திரவம் தங்குவதுண்டு. சூடான வாயினுள் ஊசி நுழைந்தவுடன் அவ்வூசியும் சூடேறுகின்றது. உப்புநீரைக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்தால் நீர் பறந்துவிட, உப்புக் கல்லிலேயே ஒட்டி நிற்கும் அன்றோ? அவ்வாறே கரைப்பானும் மெல்லிய பொருளும் ஊசியினின்று ஆவியாய்ப் பறந்துபோக, கனத்த மெழுகு ஊசியின் உட்சுவரிலேயே தங்கிவிடும். பின் ஊசியை வெளியே இழுக்கும்போது அதுவும் உடன் வெளியேறும். சுடர் அறியாத களவு இது. கையால் மெல்லச் செலுத்துவார்க்கு இது மிகுதி. ஊசி சூடேறுமுன் நொடியிற் பாய்ச்சி நொடியில் இழுக்கும் தானியங்கி அமைப்பில் இது மிகக் குறைவு. ஒரே திரவத்தை மெல்லவும் விரைந்தும் இருமுறை செலுத்தி விகிதத்தை ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும்.

பிரிப்பின்றிச் செலுத்தும் முறையில் இன்னொரு களவும் உண்டு. ஆவி முழுவதும் குழலினுட் புகுவதற்கு ஒரு கால அளவு கொடுத்து, பின்பு ஒரு வழியைத் திறந்து எஞ்சியதனை வெளியேற்றுவர். அரை நிமிடத்தில் அவ்வழியைத் திறந்துவிடின், மெல்லியன எல்லாம் உள்ளே சென்றிருக்கும். கனத்தவை வழியிலேயே நிற்கக் கதவு மாறிவிடும். அதனை ஒன்று அல்லது ஒன்றரை நிமிடமாக நீட்டுதலும், வாயின் சூட்டை 250-இலிருந்து 300-க்கும் மேலாக உயர்த்துதலும், செலுத்தும் நொடியில் வாயு அழுத்தத்தை மிகுத்தலும் நற்பயன் தரும்.

வாயினுள் இருக்கும் கண்ணாடி உறைகுழலும் ஆராயத்தக்கது. அதனைக் கூடத்தார் லைனர் என்பர். அதில் சிறிது கண்ணாடிப் பஞ்சு இருப்பின், திரவத்துளி அதன்மேற் பரந்து நன்கு ஆவியாகும். பஞ்சில்லையேல் துளி நேரே அடியிற் சென்று விழும். இது நன்மை. ஆனால் பத்து நாள் சேற்றுச்சாறு செலுத்திய பின்னர் அப்பஞ்சே கறுத்துப் பிசின்போலாகிக் கனத்த பொருளை விழுங்கத் தொடங்கும். எண்ணூர்ச் சேற்றினின்று எடுத்த சாறு போன்றவற்றிற்கு உறைகுழலை மாற்றும் நாளைக் குறித்துவைத்தல் ஆடம்பரமன்று. புதிய உறைகுழல் இட்டவுடன் விகிதம் ஏறுமாயின் குற்றவாளி அகப்பட்டான். உறைகுழலுக்குள் குழலின் நுனி எவ்வளவு உயரம் நுழைந்துள்ளது என்பதனையும் கருவியின் நூலிற் கூறியவாறு சரிபார்க்க. நுனி மிகத் தாழ்ந்திருப்பின் வாயின் அடியிலுள்ள குளிர்ந்த பகுதியிற் கனத்தவை படியும்.

இவ்வளவும் செய்தும் ஐயம் தீராதாயின், தீர்க்கும் வழி ஒன்றுண்டு. குளிர்நிலையில் திரவத்தை நேரே குழலினுள் இடும் வாய் சில கருவிகளில் உள்ளது. அதில் ஆவியாக்கும் அறையுமில்லை, பிரிப்புமில்லை, ஊசிச்சூடுமில்லை. இட்டது முழுவதும் குழலினுள்ளேயே. அவ்வாறு செலுத்தியபோது கரி-40-உம் கரி-20-உம் ஏறத்தாழச் சமமாயின், குழலும் சுடரும் குற்றமற்றவை, உட்செலுத்துவாயே குற்றவாளி என்பது ஐயமற விளங்கும். அப்போதும் விகிதம் குறைந்தே நிற்பின், வாய் விடுதலை பெறும். குழலையும் கடைவாயையும் பார்க்க வேண்டும்.

குழலைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். அடுப்பின் இறுதிச் சூடு போதாதிருப்பின், அல்லது அச்சூட்டில் நிறுத்தும் நேரம் குறைந்திருப்பின், கரி-40 குழலினுள்ளேயே தங்கி அடுத்த ஓட்டத்தில் வெளிவரும். இதனை அறிய ஒரு தூய கரைப்பானை மட்டும் செலுத்திப் பார்க்க. ஒன்றுமே இல்லாத அத்திரவத்தில் கரி-40-இன் முகடு பேய்போலத் தோன்றின், அது முந்தைய ஓட்டத்தின் மிச்சம். குழலின் உட்பூச்சு தடித்ததாயின் இத்தொல்லை மிகும். கனத்த எண்ணெய்க்கு மெல்லிய பூச்சே ஏற்றது. குழலின் முன்முனையில் அழுக்கேறியிருப்பின் ஒரு சாணளவு வெட்டி எறிதல் வழக்கம். சூடு மிகும்போது பூச்சே சிறிது சிறிதாகச் சிதைந்து வெளிவருதலால் வரைபடத்தின் அடிக்கோடு மேலே எழும். எழுந்த கோட்டின்மேல் அகன்று நிற்கும் கரி-40-இன் முகட்டைக் கணிப்பொறி அளக்கும்போது, அடிக்கோட்டை எங்கிருந்து எங்கே இழுத்தது என்று கண்ணாற் பார்த்தறிதல் வேண்டும். பொருள் முழுவதும் வந்துசேர்ந்தும் கணக்கன் பாதியை விட்டுவிடும் இடம் இஃது. இதனைக் கருவியின் குற்றம் என்றல் அநீதி.

இறுதியாகச் சுடரிடம் வருவோம். சுடரின் மேல் குற்றமே இல்லை என்று யாம் வாதிக்கவில்லை. ஹைட்ரஜன் நிமிடத்திற்கு 30 முதல் 40 மில்லிலிட்டர், காற்று 300 முதல் 400 வரை, துணைவாயுவாகிய நைட்ரஜன் 25 முதல் 30 வரை என்பன பொதுவான அளவுகள். இவற்றைக் கருவியின் திரையில் தோன்றும் எண்ணை நம்பாது, சோப்புக்குமிழிக் குழாயாலோ வேறு ஓட்டமானியாலோ அளந்தறிதல் நன்று. இவை பிறழின் எல்லா முகடுகளும் ஒருங்கே மாறும். சுடர் எரியும் ஜெட் முனையில், குழற்பூச்சு எரிந்து உண்டான வெண்மையான சிலிக்கா படிந்து துளையை அடைப்பதுண்டு, அப்போது சுடர் தடுமாறும், கோடு நடுங்கும்.

கனத்தவற்றை மட்டும் சுடர்ப்பகுதி கெடுக்கும் இடங்கள் மிகச் சிலவே. உணர்கருவியின் சூடு அடுப்பின் இறுதிச் சூட்டைவிடக் குறைந்திருப்பின், இட்டிலிப்பானையின் மூடியில் ஆவி வியர்ப்பது போலக் கனத்த பொருள் அங்கே வியர்த்துப் படியும். அடுப்பு 340 பாகை எனின் உணர்கருவி 350-க்குக் குறைதலாகாது. குழலின் கடைநுனி ஜெட் முனைக்கு ஓரிரண்டு மில்லிமீட்டர் கீழே நிற்றல் வேண்டும். இறங்கி நின்றால் பொருள் உலோகச் சுவரிற் பட்டு வால் நீளும். ஏறிச் சுடரையே தொட்டால் குழலின் மேற்பூச்சுக் கருகும். நுண்மையான இன்னொரு வகையும் உண்டு. வாயு அழுத்தத்தை மாறாது வைத்து அடுப்பைச் சூடேற்றினால், சூட்டில் வாயுவின் பிசுக்கு மிகுதலால் குழலில் ஓட்டம் குறையும். சுமக்கும் வாயு ஹைட்ரஜனாயின், சுடருக்குச் செல்லும் ஹைட்ரஜனும் உடன் குறைந்து, பின்னே வரும் முகடுகள் முன்னே வந்தவற்றினின்றும் வேறான சுடரில் எரியும். ஓட்டத்தை மாறாது வைக்கும் அமைப்பைத் தேர்ந்துகொண்டால் இது தீரும். சுடரைக் குறைகூற நியாயமான இடம் பெரும்பாலும் இவ்வளவே.

சிலர் இவ்வாராய்ச்சியெல்லாம் எதற்கு, கரி-40 பாதியாய் வந்தால் விடையை இரண்டாற் பெருக்கிக்கொண்டால் ஆயிற்று என்பர். குறை நாள்தோறும் ஒரே அளவாய் நிற்பின் அது பொருந்தும். ஆனால் உறைகுழல் அழுக்கேற ஏறக் குறை வளரும். காலையில் 0.6 ஆயிருந்தது இருபது சேற்றுச்சாறு சென்றபின் மாலையில் 0.4 ஆகும். அன்றியும் அழுக்கில்லாத சோதனைத் திரவம் அடையும் இழப்பும், பிசின் நிறைந்த உண்மை எண்ணெய் அடையும் இழப்பும் ஒன்றாகா. பெருக்கிக் காட்டிய எண் குப்பத்தார் பக்கமும் சாயலாம். ஆலையார் பக்கமும் சாயலாம். எப்பக்கம் சாய்ந்தது என்பதனைப் பெருக்கியவரே அறியார்.

எண்ணெய் எவ்விடத்தது என்று அறியும் ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும். அதில் சுடருக்கு மாறாக நிறைமாலைக் கருவியை வைத்து, எளிதிற் சிதையாத ஹோபேன் என்னும் பழம்பொருள்களை அளந்து, கரையிற் கண்ட எண்ணெயையும் கப்பலிலோ ஆலையிலோ எடுத்த எண்ணெயையும் ஒப்புநோக்குவர். ஹோபேன்கள் முப்பதை ஒட்டிய கரியணு உடையவை, கனத்த இனத்தவை. உணர்கருவி வேறாயினும், அதற்கு முன்னுள்ள வாயும் குழலும் அவையே. இரண்டு எண்ணெய்களும் இருவேறு நாளில், ஒன்று தூய உறைகுழலிலும் மற்றொன்று அழுக்கேறியதிலும் செலுத்தப்படுமாயின், ஒரே எண்ணெயும் இரண்டெனத் தோன்றும். ஆதலின் ஒப்புநோக்கவேண்டிய இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் செலுத்தி, இடையிடையே சோதனைத் திரவத்தையும் செலுத்துதல் வேண்டும்.

இறுதியில் ஒன்று. கப்பல்களில் எரிக்கும் உலை எண்ணெயில் கரி-40-க்கும் மேற்பட்ட பகுதி மிகுதியாய் உண்டு. அதற்கும் அப்பால் ஆஸ்பால்ட்டீன் எனப்படும் தார்ப்பொருள் உள்ளது. அது எவ்வளவு சூடேற்றினும் ஆவியாகாது, சிதைந்து கருகும். கருவி பழுதற்றதாய், விகிதம் 1 என்றே நின்றாலும், இப்பகுதி வரைபடத்தில் ஒருபோதும் தோன்றாது. ஆய்வாளர் உறைகுழலைக் கழற்றும்போது பஞ்சின்மேற் கரும்பூச்சாய்க் காண்பது அதுவே. இதனை அறிய வேறொரு பழைய முறையே துணை. குறித்த அளவு சேற்றைக் கரைப்பானில் ஊறவைத்து, சாற்றை வடித்து, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சிய கரிய பொருளைத் தராசிலிட்டு நிறுத்தல். இதில் மெல்லிய பகுதி கரைப்பானோடு பறந்துபோம். சேற்றிலுள்ள பிற கொழுப்பும் சேர்ந்து நிறுக்கப்படும். ஆயினும் தராசின் எண்ணையும் சுடரின் எண்ணையும் அருகருகே எழுதி, அன்றைய கரி-40, கரி-20 விகிதத்தையும் அறிக்கையின் ஓரத்திற் குறித்துவிடின், கரிய கூழில் எவ்வளவு சுடரை எட்டாமலே நின்றது என்பதனைத் தீர்ப்பாயத்தில் அமர்ந்து படிப்பவரும், காட்டுக்குப்பத்தில் வலை காயவைத்துக்கொண்டு படிப்பவரும் தாமே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ள இயலும்.